மழைக்கோட்டுப் பையில் இருந்த ஹார்ட் டிஸ்க்

வின்கோ செத்தது விபத்தில் என்று ஊரே நம்பியது. நம்பாதவள் அவன் மனைவி பிரையனி ஒருத்திதான்.

சிங்கி இறால் பிடிக்கப் போன இடத்தில், அலையில் அடுக்குக் குலைந்து இரும்புக் கூண்டு ஒன்று வின்கோவின் மண்டையில் விழுந்துவிட்டது என்று அவன் அண்ணன் ஷிமே போலீஸில் சொல்லியிருந்தான். படகில் இருந்தது நாங்கள் இரண்டே பேர் என்றும் சொன்னான். மேல்தளத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா உண்டு. அதன் டிஸ்க் என்றைக்கோ கெட்டுப்போய்விட்டது, கழற்றி எறிந்துவிட்டேன் என்றான். போர்ட் லிங்கன் என்ற அந்த மீன்பிடி ஊரில் ஷிமே சொன்னதை யாரும் மறுத்துக் கேட்பதில்லை. அப்படிக் கேட்டவர்களில் சிலருக்கு முன்பல் கிடையாது.

அடக்கம் முடிந்து வின்கோவின் துணிமணிகளைப் பிரித்தபோது, உப்புப் பூத்துக் கிடந்த மழைக்கோட்டின் உள்பையில் அந்த டிஸ்க் இருந்தது. பிரையனி அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினாள். டிஸ்க்கில் கோளாறு, சரிசெய்யட்டுமா என்று திரை கேட்டது. சரி என்று அழுத்தினாள். அதிலும் திறக்காமல் போகவே, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த டிஸ்க் ரிப்பேர் மென்பொருள் ஒன்றை இறக்கி ஓடவிட்டாள். அது பகல் முழுக்க ஓடிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று பச்சை எழுத்தில் சொன்னது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

அழுதுகொண்டே அதை எடுத்துக்கொண்டு அவள் வந்து நின்றது, நாத்தனார் நேவெங்காவின் கடை வாசலில்.

நேவெங்கா அந்த வீட்டின் கடைக்குட்டி. அப்பா, அண்ணன்மார் என்று எல்லோரும் கடலுக்குப் போக, அவள் மட்டும் கரையில் தங்கிக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்தாள். சின்ன வயதில் ஷிமே கையை ஓங்கும்போதெல்லாம் குறுக்கே வந்து நின்று அடியைத் தான் வாங்கிக்கொண்டவன் வின்கோ. அவன் கடைசி நேரம் அந்த டிஸ்க்குக்குள் இருக்கிறது என்ற நினைப்பே அவளைத் தூங்கவிடாமல் செய்திருந்தது.

டிஸ்க்குக்கு முதலில் பட்டது சின்னக் காயம்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்; அங்கங்கே கீறல் விழுந்து படிக்க முடியாமல் போயிருந்தது. அப்படியே கொண்டுவந்திருந்தால் அரைநாள் வேலை. சரிசெய்கிறேன் என்று உள்ளே புகுந்த மென்பொருள்தான் குடியைக் கெடுத்தது. படிக்க வராத இடத்தையெல்லாம் காலி என்று எழுதிவிட்டது. எந்தப் பதிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரத்தை அழித்தது. மிஞ்சியதைப் பெயரும் தேதியும் இல்லாத துண்டுகளாக நறுக்கி ஒரு மூலையில் கொட்டிவிட்டது.

நேவெங்கா பிரையனியைத் திட்டவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அசலில் மேற்கொண்டு எதையும் ஓட்டாமல், இருப்பது இருக்கிறபடியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க விட்டாள். அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து மெல்ல மெல்லப் படிக்கவைக்கும் வேலை அது. நாள்கணக்கில் ஓடியது.

இன்று காலை அவள் கடையைத் திறந்து பின்னறைக்குப் போனபோது நகல் முடிந்திருந்தது. அசலைக் கழற்றித் துணியில் சுற்றி முன்னறை மேஜை டிராயரில் வைத்தாள். நகலிலிருந்து வீடியோத் துண்டுகளைப் பொறுக்கி எடுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டு, காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது அம்மா யேலா போன் செய்தாள்.

பிரையனி உன்னிடம் எதையோ கொடுத்தாளாமே என்று ஆரம்பித்தாள். யார் சொன்னது என்று நேவெங்கா கேட்டதை அவள் காதில் வாங்கவில்லை.

"ஒருத்தனைப் புதைச்சாச்சு," என்றாள் அம்மா. "இன்னொருத்தனையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டா, நான் யாருக்குடி சமைக்கிறது?"

"அம்மா, அவன் ஏதும் பண்ணலைன்னா ஏன் பயப்படுறே?"

அம்மா போனை வைத்துவிட்டாள்.

அடுத்து யார் வருவார் என்று நேவெங்காவுக்குத் தெரிந்துபோனது. அவள் பின்னறைக் கதவைப் பூட்டி, சாவியை வாசல் மிதியடிக்குக் கீழே தள்ளினாள். காபியைக் குடித்து முடிப்பதற்குள் ஷிமேவின் வண்டி நடைபாதையில் ஏறி நின்றது.

ஷிமே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஆனால் உள்ளே வரும்போது ஒரு முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டே வந்தான். கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

"பிரையனி உன்கிட்ட என்ன கொடுத்தா?"

"கடைக்கு வர்ற பொருளைப் பத்தி வெளியாள்கிட்ட பேசறதில்ல."

"நான் வெளியாளா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையை நீட்டி அலமாரியை ஒரே இழுப்பாக இழுத்தான். வாடிக்கையாளர்களின் லேப்டாப்புகள், கீபோர்டுகள், வயர்ச் சுருள்கள் எல்லாம் தரையில் வந்து விழுந்தன. நேவெங்கா எழுந்து குறுக்கே நின்றாள். அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளிய வேகத்தில் அவள் மேஜை விளிம்பில் மோதி உட்கார்ந்தாள். மேஜைமேல் இருந்த மானிட்டரைத் தூக்கி முன்கண்ணாடிமேல் வீசினான். கண்ணாடி மொத்தமும் நொறுங்கித் தெருவில் கொட்டியது.

அவள் டிராயரை நோக்கி நகர்ந்ததுதான் தப்பாகப் போயிற்று. அவன் பார்த்துவிட்டான். டிராயரைப் பிடுங்கிக் கவிழ்த்தான். துணிச்சுருள் உருண்டது. அவள் அதன்மேல் பாய்ந்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவன் அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி அறைந்தான். காதுக்குள் ஊளை போட்டது. வாயில் ரத்தம் கரித்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கையின் கனம் அவளுக்கு மறக்கவில்லை. குறுக்கே வந்து நிற்கத்தான் இப்போது ஆள் இல்லை.

ஷிமே டிஸ்க்கைத் தரையில் போட்டு, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றி அதன்மேல் இறக்கினான். மறுபடியும் மறுபடியும் இறக்கினான். ஒவ்வொரு அடிக்கும் அவனே விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினான். மேல்மூடி பிய்ந்து, உள்ளே பளபளத்த தட்டுகள் வளைந்து நெளியும்வரை அவன் நிறுத்தவில்லை.

மூச்சு வாங்கியபடி அவள் எதிரில் மண்டியிட்டான்.

"நகல் எடுத்தியா?"

"இல்ல."

அவள் இடதுகையைப் பிடித்து, சுண்டுவிரலைத் தனியாகப் பிரித்துப் பின்பக்கம் வளைத்தான்.

"நேவா, பொய் சொல்லாதே. எடுத்தியா?"

அந்தச் செல்லப்பெயரை அவன் சொன்னதுதான் அவளுக்கு வலியைவிட ஆத்திரமாக இருந்தது.

"எடுக்க என்ன இருக்கு? அவ ஓட்டின சாஃப்ட்வேர் எல்லாத்தையும் தின்னுடுச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. நீ உடைச்சது வெறும் டப்பா."

அவன் நம்பினானா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வளைத்தான். விரல் முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

ஷிமே சட்டென்று கையை விட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது. தான் செய்ததைத் தானே எதிர்பார்க்காதவன் போலக் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தான். எழுந்து நிற்க அவனுக்குச் சுவர் தேவைப்பட்டது.

"செத்தவனை அப்படியே விடு," என்றான். "நீ நினைச்சிட்டிருக்கிற மாதிரியே அவன் இருக்கட்டும்."

கண்ணாடிச் சில்லுகளை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்துக் கறிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அலமாரி சரிந்துவிட்டது என்றாள் நேவெங்கா. அவர் அவள் கன்னத்தைப் பார்த்தார், போய் ஒரு பையில் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார். அவள் சுண்டுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டாள். பின்னறையைத் திறந்து பார்த்தபோது, வெளியே நடந்த எதுவும் தெரியாமல் நகல் டிஸ்க் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பிரையனி மதியத்துக்குமேல் வந்தாள். அவளை இறக்கிவிட்டுப் போனது அவள் தம்பி லாக்லன். மீன் பதப்படுத்தும் ஷெட்டில் வேலை பார்ப்பவன். வின்கோ போன பிறகு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவதிலிருந்து விறகு பிளந்து போடுவதுவரை அக்கா வீட்டு வேலை எல்லாம் அவன் தலையில்தான். விபத்து நடந்த வாரம் வெளியூரில், வையாலாவில் இருந்துவிட்டேனே, ஊரில் இருந்திருந்தால் நானும் படகில் போயிருப்பேனே என்று அவன் புலம்பாத நாள் கிடையாது.

பிரையனி கையில் சாசேஜ் ரோல் பொட்டலத்தோடு வாசலில் நின்று, உடைந்த கண்ணாடியையும் நேவெங்காவின் வீங்கிய முகத்தையும் பார்த்தாள். பொட்டலம் கீழே விழுந்தது.

"ஷிமேவா?"

நேவெங்கா தலையாட்டினாள். பிரையனி உடனே போனை எடுத்தாள், போலீஸுக்குப் பேச. நேவெங்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கூப்பிடலாம். அதுக்கு முன்னாடி கையில ஒண்ணு இருக்கட்டும். வெறும் விரலைக் காட்டினா, குடும்பச் சண்டைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

"அவன்தான் கொன்னான்னு இதுக்குமேல என்ன வேணும்?" என்றாள் பிரையனி. "தம்பியைக் கொன்னவன் தங்கச்சியையும் அடிக்கிறான். அவன் உள்ள போகிறதை நான் பார்க்கணும். எவனா இருந்தாலும் பார்க்கணும்."

இருவரும் பின்னறையில் போய் உட்கார்ந்தார்கள்.

தேடல் வேலை பெரிய குவியலைக் கொண்டுவந்து போட்டிருந்தது. எந்தத் துண்டுக்கும் பெயரில்லை. வெறும் எண்கள். ஒன்றில் காலி மேல்தளமும் மழையும். இன்னொன்றில் வின்கோ கூண்டுக்கு இரை கட்டிக்கொண்டிருந்தான். பிரையனி திரையைத் தொட்டாள். பல துண்டுகள் திறக்கவே இல்லை. சிலவற்றில் பாதிப் படம், மீதி சாம்பல் கட்டங்கள். நேவெங்கா ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாகத் திறந்தாள், ஒதுக்கினாள், திறந்தாள். கேமரா மலிவானது. படத்தில் சத்தம் கிடையாது.

அடுத்துத் திறந்த துண்டில் ஷிமே தரையில் கிடந்தான்.

இருவரும் முன்னால் குனிந்தார்கள்.

அவனை உதைத்துக்கொண்டிருந்தது வின்கோ. விலாவில் உதைத்தான். ஷிமே சுருண்டு தலையைக் கைகளால் மூடிக்கொண்டான். வின்கோ அவன் கைகளைப் பிரித்து முகத்தில் குத்தினான். அவசரமே இல்லாமல், நின்று நிதானமாக, அடுத்து எங்கே என்று பார்த்துப் பார்த்துக் குத்தினான். பிறகு கூண்டுக் கயிற்றை எடுத்து அண்ணன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்தான். ஷிமேவின் கால்கள் தளத்தில் அடித்துக்கொண்டன. வின்கோ நிமிர்ந்தபோது முகம் நேராகக் கேமராவுக்குத் தெரிந்தது. அந்த முகத்தை நேவெங்கா பார்த்ததே இல்லை.

படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மறுபடி சேர்ந்தபோது, இடது ஓரத்திலிருந்து ஆரஞ்சுக் கோட்டுப் போட்ட மூன்றாவது ஆள் ஒருவன் வந்தான். கையில் மிதவையை இழுக்கும் நீளமான கொக்கிக் கழி. பின்பக்கமிருந்து வின்கோவின் தலையில் ஓங்கி அடித்தான். வின்கோ கயிற்றை விட்டுவிட்டுச் சரிந்தான். அசையவில்லை.

ஷிமே இருமிக்கொண்டே தவழ்ந்து விலகினான்.

ஆரஞ்சுக் கோட்டுக்காரன் கழியை மறுபடியும் தூக்கினான். ஷிமே ஒரு கையை நீட்டி வேண்டாம் என்று தடுப்பது தெரிந்தது. அவன் தடுத்தும், கீழே கிடந்தவன்மேல் அந்தக் கழி இறங்கியது. பிறகு அந்த ஆள் கழியை எறிந்துவிட்டு, கோட்டின் தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு திரும்பினான்.

லாக்லன்.

நேவெங்கா படத்தை நிறுத்தினாள்.

தன் அண்ணன் ஒருவன் இன்னொருவன் கழுத்தை நெரித்த காட்சியை அவள் மனம் ஏற்க மறுத்தது. இத்தனை நாள் யாருக்காக அழுதாளோ அவன் அந்தப் படத்தில் இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரையனி எழுந்தது தாமதமாகத்தான் தெரிந்தது.

"இதை அழி," என்றாள் பிரையனி.

"எவனா இருந்தாலும்னு சொன்னியே."

"அழிடின்னு சொல்றேன்."

நேவெங்கா மாட்டேன் என்று தலையை அசைத்தாள். பிரையனி, அடிபட்ட பூனையைக்கூட டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிரையனி, நகல் டிஸ்க்கின் வயர்மேல் பாய்ந்தாள். நேவெங்கா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இருவரும் நாற்காலியோடு கீழே விழுந்தார்கள். பிரையனி அவள் முகத்தைப் பிறாண்டினாள், முழங்கையால் வயிற்றில் இடித்தாள், கடைசியில் டேப் சுற்றிய விரல் கைக்கு அகப்பட்டதும் அதைப் பிடித்து முறுக்கினாள். நேவெங்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் அலறியதுகூட அவளுக்கே தூரத்தில் கேட்டது போல இருந்தது.

யாரோ பிரையனியின் கையை எடுத்து விலக்கினார்கள்.

லாக்லன் நின்றிருந்தான். அக்காவைக் கூட்டிப் போக வந்தவன், உடைந்த கண்ணாடி வழியாக நேரே உள்ளே வந்திருந்தான். அவன் இருவரையும் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். அதில் அவன் முகமே அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுப்பான், ஓடுவான், அல்லது இவனும் அடிப்பான் என்று நேவெங்கா சுவரோரம் ஒண்டினாள். அவன் கீழே விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

கடலில் போடச் சொல்லி ஷிமேதான் டிஸ்க்கைப் பிடுங்கிக் கொடுத்தான் என்றான். போடக் கை வரவில்லை. போலீஸில் கொடுக்கவும் தைரியம் வரவில்லை. வின்கோவின் கோட்டு எப்படியும் அக்கா கைக்குத்தான் போகும் என்று தெரிந்து லாக்லன்தான் அதில் வைத்தான். தன்னைப் படகில் பார்த்தவர் யாருமில்லை. வையாலா என்று சொல்லச் சொன்னதும், கூண்டு விழுந்த கதையைக் கட்டியதும் ஷிமேதான். என் உயிரைக் காப்பாற்றினவனை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன், என் தம்பி பெயரையும் கெடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தானாம்.

"அதுக்கு என் விரலை உடைக்கணுமா?" என்றாள் நேவெங்கா.

லாக்லன் அந்த டேப் சுற்றிய விரலைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"ரெண்டாவது அடி?" அவள் விடவில்லை. "அவன்தான் விழுந்துட்டானே. ஷிமே வேண்டாம்னு கை காட்டினது தெரியுது. ஏன் அடிச்சே?"

"அது ஷிமேவுக்காக இல்ல." அவன் அக்காவைப் பார்க்காமல் பேசினான். "இதுக்கு முன்னாடி ஒரு துண்டு இருக்கணும். அது கிடைச்சுதா?"

திறக்காத துண்டுகள் இன்னும் குவியலாகக் கிடந்தன. அவற்றில் இருக்கலாம். அந்த மென்பொருள் காலி என்று எழுதிப்போட்ட இடத்தில் சிக்கி ஒரேயடியாகப் போயும் இருக்கலாம். நேவெங்கா அதைச் சொன்னாள்.

"தேடு," என்றான் லாக்லன். "ஷிமே அவன்கிட்ட அக்காவைப் பத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். வின்கோ சிரிச்சான். சிரிச்சிட்டு, வீட்டுல அவளை என்ன பண்றான்னு எங்க ரெண்டு பேருக்கும் கையால செஞ்சு காட்டினான். கேமராவுல சத்தம் இல்லாட்டிப் பரவாயில்ல. பார்த்தாலே புரியும்."

நேவெங்கா மெல்லத் திரும்பிப் பிரையனியைப் பார்த்தாள்.

பிரையனி உதட்டோர ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். சண்டையில் கலைந்த தலைமுடியைச் சேர்த்து முடிந்தாள். நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டுகிற மாதிரி சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"திற," என்றாள். "நான் பார்க்கலை. பார்த்துத்தான் எனக்குத் தெரியணும்னு இல்ல."